ஐடாவின் பாதி

சதுரங்கம் ஆடும் கணினிக்குத் தன்னறிவு எவ்வளவு இருந்தாலும், ஆட்டத்தின் முதல் பதினைந்து இருபது நகர்வுகளை அது சிந்தித்து ஆடுவதில்லை. இந்த நிலையில் இதை ஆடு, இதை ஆடாதே என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே ஆராய்ந்து எழுதி வைத்திருப்பார். அந்தத் தொகுப்பைத் தொடக்கநூல் என்பார்கள். நூல் தீரும்வரை யந்திரம் ஒரு நொடியும் தயங்காமல் காயை நகர்த்தும். தீர்ந்த இடத்திலிருந்துதான் தன் மூளையைச் செலவிடும். அப்படியொரு நூலை, பழைய தங்கச் சுரங்க ஊரொன்றின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் வசிக்கும் பாக்கியவதியும் அதே ஊரின் நந்திதுர்க் பகுதியில் வசிக்கும் ஐடாவும் சேர்ந்து பதினொரு ஆண்டுகள் கட்டினார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகளாக இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குக் காரணம் ஐடா செய்த துரோகம் என்று பாக்கியவதி நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூர் செல்லும் ரயிலில், மாலூர் வருவதற்கு முன்பாக இடிந்து விழுந்தது.

ஆண்டுப்போட்டி நெருங்கிக்கொண்டிருந்ததால், பழைய சோதனை ஆட்டங்களைத் திரும்ப அடுக்கித் தரும் புதிய கருவி ஒன்றை அவள் தன் மடிக்கணினியில் ஏற்றியிருந்தாள். யார் வென்றார் என்பதோடு, ஆட்டம் எவ்விதம் முடிந்தது என்பதையும் அது தனியொரு கட்டத்தில் காட்டியது. அதற்குமுன் அவள் கையாண்ட கருவியில் அந்தக் கட்டம் இல்லை. நூலின் பெருமையாக இருந்து பின்னர் நூலின் வடுவாகிப்போன குதிரைப் பலியின் வரிசையை அவள் திறந்தாள். பதினேழாவது நகர்வில் வெள்ளை தன் குதிரையைக் கொடுத்துக் கறுப்பு ராஜாவின் காவலை உடைக்கும் வரிசை அது. ஒன்பது சோதனை ஆட்டங்கள். ஒன்பதிலும் வெள்ளைக்கு வெற்றி. ஒன்பதற்கும் எதிரே, முடிந்த விதம் என்ற கட்டத்தில், எழுத்து மாறாமல் ஒரே செய்தி இருந்தது: இணைப்பு அறுந்தது.

அவள் ஓர் ஆட்டத்தைத் திறந்து அதன் இறுதி நிலையைப் பார்த்தாள். கறுப்பு ஒரு காய் மிகுதியாக வைத்துக்கொண்டு, ராஜாவை மூலையில் பத்திரமாக ஒதுக்கி, வெல்லப்போகும் கோலத்தில் நின்றிருந்தது. அடுத்ததைத் திறந்தாள், அதிலும் அப்படியே. ஒன்பதையும் பார்த்து முடித்தபின், அவை நின்ற நேரங்களைப் பார்த்தாள். எல்லா ஆட்டங்களும் மாலை நான்கு மணிக்கும் ஐந்தரைக்கும் இடையே அறுந்திருந்தன. அந்த ஆண்டுக் கோடையில் நந்திதுர்க்கில் நாள்தோறும் மின்சாரம் நின்ற வேளை அது.

பக்கத்து இருக்கையில் ஃப்ளோரா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஒயிட்ஃபீல்டில் ஒரு மருத்துவமனையில் ஆயாவாக வேலை செய்பவள். எட்டு ஆண்டுகளாக இதே பெட்டியில் உடன் வருபவள்.

“இன்னாக்கா, பேயறைஞ்ச மாதிரி கீற? ஆபீஸ்ல சீட்டு கிழிச்சிட்டாங்களா?”

“இல்ல ஃப்ளோரா.”

“அப்ப உன் பொட்டி தோத்துட்ச்சா?”

“தோக்கல. ஜெயிச்சுதுன்னு பொய் சொல்லிகீது. ஒம்போது வாட்டி.”

“பொட்டி கூடவா பொய் சொல்லும்? நல்லா கீதுக்கா உன் கதை,” என்று சொல்லி ஃப்ளோரா ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள்.

பொய் சொன்னது பெட்டி அன்று. அதைச் சொல்லவைத்தவள் தானே என்பது பாக்கியவதிக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஏற்றுக்கொள்ளத்தான் மாலூரிலிருந்து கன்டோன்மென்ட் வரைக்கும் வழி வேண்டியிருந்தது.

பன்னிரண்டு வயதில் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் படிப்பறையில் அவளும் ஐடாவும் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆண்கள் கேரம் தட்டிக்கொண்டிருந்த கூடத்தின் ஒரு மூலையில், ஒரு யானைக்குப் பதிலாகப் பாட்டில் மூடியை வைத்து ஆடினார்கள். பிறகு சுரங்கம் மூடியது. மன்றத்துக்குப் பூட்டு விழுந்தது. பாக்கியவதி பெங்களூரில் காப்பீட்டு நிறுவனமொன்றில் ஆவணம் சரிபார்க்கும் வேலைக்குப் போனாள். ஐடா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானாள். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. யந்திரங்கள் மனிதரை வென்று, இனி மனிதர் ஆடி என்ன பயன் என்று பலரும் கைகழுவிய காலத்தில், அவ்விருவரும் யந்திரத்துக்கு நூல் எழுதும் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் இணையத்தில் அதற்கென்றே ஒரு போட்டி நடக்கும். அங்கே யந்திரம் எல்லோருக்கும் ஒன்றே, வேகமும் ஒன்றே. வேறுபடுவது நூல் மாத்திரம். ஆகவே வெல்வதும் தோற்பதும் நூலாசிரியர்தாம்.

வேலையைப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். வெள்ளைக் காய்களின் நகர்வுகள் பாக்கியவதிக்கு, கறுப்பு ஐடாவுக்கு. நல்ல நகர்வுக்குப் பச்சை வண்ணம், தீயதற்குச் சிவப்பு. ஆடிப் பார்க்காமல் எதற்கும் பச்சை தீட்டுவதில்லை என்பது அவர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட நெறி. பிற்பகல்தோறும் இரு வீட்டுக் கணினிகளும் மூன்று மைல் இடைவெளியில் தமக்குள் ஆடிக்கொண்டிருக்கும். பாக்கியவதி அப்போது பெங்களூரில் இருப்பாள். பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு வீடு திரும்பும் ஐடாதான் ஆட்டங்களைத் தொடங்கிவைத்து மேற்பார்ப்பாள். நந்திதுர்க்கில் மின்சாரம் போனால் ஐடாவின் கணினி ஆட்டத்திலிருந்து அறுந்துவிழும். அறுந்தவர் தோற்றவர் என்பது சர்வரின் சட்டம். எனவே அப்படி அறுந்த ஆட்டங்களின் எண்களை ஐடா அன்றன்றே செல்பேசியில் எழுதி அனுப்புவாள். பாக்கியவதி நூலில் சேர்க்கும்போது அவற்றை நீக்கிவிடுவாள். பத்து ஆண்டுகள் இது பிசகவில்லை.

பதினோராவது ஆண்டில் பிசகியது. அது ஏப்ரல் மாதம். பாக்கியவதியின் அலுவலகத்தில் ஆண்டு முடிவு வேலை கழுத்தை நெரித்தது. ஒவ்வோர் எண்ணாகத் தேடி நீக்கப் பொறுமையின்றி, இருபத்தைந்து நகர்வுக்குக் குறைந்த ஆட்டங்களையெல்லாம் தள்ளிவிடு என்று கருவிக்கு ஒரே கட்டளையாகச் சொல்லிவிட்டாள். மின்வெட்டில் அறுபடும் ஆட்டங்கள் வழக்கமாக அந்த அளவைத் தாண்டியதில்லை. அந்தக் கோடையில் மின்சாரம் மூன்று மணிக்குப் போகாமல் நான்கு மணிக்குமேல் போனது. ஆட்டங்கள் முப்பது நாற்பது நகர்வு ஓடியபின் அறுந்தன. அவள் விரித்த வலையின் கண்ணிகள் வழியே ஒன்பதும் நழுவி நூலுக்குள் புகுந்தன. ஐடாவின் கறுப்பு வென்றுகொண்டிருந்த ஒன்பது ஆட்டங்கள், ஐடாவின் ஒன்பது தோல்விகளாக எழுதப்பட்டன. ஒன்பதுக்கு ஒன்பது என்ற கணக்கைக் கண்டு மகிழ்ந்து பாக்கியவதி அந்தக் குதிரைப் பலிக்குப் பச்சை தீட்டினாள்.

அவ்வாண்டின் இறுதிப் போட்டியில் எதிரே இருந்தவன் மைசூர் பிரசாந்த். அவளுடைய வெள்ளை குதிரையைக் கொடுத்தது. பிரசாந்தின் கறுப்பு அதை வாங்கிக்கொள்ளாமல் ராஜாவை ஒரு கட்டம் மூலைக்கு ஒதுக்கியது. அந்த ஒதுங்கல் பாக்கியவதிக்கு அறிமுகமானது. ஐடாவின் சோதனை ஆட்டங்களைத் தவிர வேறெங்கும் அவள் அதைக் கண்டதில்லை. ஒன்பது முறை தோற்ற நகர்வு இன்று எப்படி வெல்கிறது? ஐடா பிற்பாடு அதில் ஏதோ ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்துத் தன்னிடம் மறைத்துப் பிரசாந்துக்குக் கொடுத்திருக்கிறாள். அவனோடு அவள் நூலாசிரியர்களின் செல்பேசிக் குழுவில் அடிக்கடி எழுதிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. ஆட்டம் முடிந்த அரைமணிக்குள், நூறு பேர் படிக்கும் அந்தக் குழுவில் பாக்கியவதி எழுதினாள்:

“எங்கள் நூலின் பூட்டு வெளியிலிருந்து உடைக்கப்படவில்லை. உள்ளேயிருந்த கை ஒன்று திறந்துவிட்டது. இனி இந்த நூலில் ஒரு பெயர்தான் இருக்கும்.”

எழுதிய பிறகுதான் ஐடாவுக்கு அழைத்தாள். ஐடா கேட்டது ஒன்றே: “ஆட்டத்த முழுசா பாத்தியா பாக்கியம்?” பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றாள் பாக்கியவதி. மறுமுனையில் அழைப்பு துண்டிக்கப்பட்டது. அத்தோடு மூன்று ஆண்டுகளுக்குப் பேச்சு நின்றது.

இப்போது, கன்டோன்மென்ட் நிலையத்தின் சிமென்ட் இருக்கையில் உட்கார்ந்து, அலுவலகத்துக்குத் தாமதமாவதையும் பொருட்படுத்தாமல், அவள் அந்த இறுதி ஆட்டத்தின் பதிவை முழுசாகப் பார்த்தாள். பிரசாந்தின் யந்திரம் முதல் பதினாறு நகர்வுகளைச் சுழிய நொடியில் ஆடியிருந்தது. ராஜாவை ஒதுக்கிய பதினேழாவது நகர்வுக்கு எடுத்துக்கொண்ட நேரம் ஐம்பத்திரண்டு நொடி. நூலிலிருந்து வரும் நகர்வுக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. அப்படியானால் அது யார் கொடுத்த நுட்பமும் அன்று. யந்திரம் தானாகவே யோசித்துக் கண்ட விடை. ஐம்பத்திரண்டு என்ற எண் மூன்று ஆண்டுகளாக அந்தப் பதிவில் யாருக்கும் மறையாமல் நின்றுகொண்டிருந்தது.

செல்பேசியின் பழைய செய்திகளுக்குள் இறங்கினாள். ஏப்ரல் மாதம், ஒன்பது எண்கள், கீழே ஐடாவின் வரி: “இதெல்லாம் கரன்ட் போன ஆட்டம். மறக்காம எடுத்துடு.” அதற்கும் கீழே அவளுடைய மறுமொழி இருந்தது. உயர்த்திய கட்டைவிரல் ஒன்று.

பாக்கியவதி நாள்தோறும் விடியலில் விளக்கேற்றிப் பழந்தமிழ்ப் பதிகங்கள் சொல்பவள். பிறந்த வீட்டில் காதால் கேட்டே வாய்க்கு வந்தவை. ஒரு நாளும் தவறியதில்லை. நாயேன் என்றும் கடையேன் என்றும் பிழை மலிந்தேன் என்றும் இறைவன் முன்னால் நாற்பது ஆண்டுகளாக அவள் தன்னைச் சொல்லிவந்திருக்கிறாள். அந்தச் சொற்கள் அவள் நாவில் என்றும் இடறியதில்லை. மறுநாள் காலையும் அவை இடறாமல் வந்தன. பாதியில் அவள் நிறுத்திக்கொண்டாள். கடையேன் என்று சொல்வதற்குக் கடவுளிடம் ஒரு துணிவும் தேவைப்படவில்லை. அவர் மறுமொழி சொல்லப் போவதில்லை. மூன்று மைல் தொலைவில் மறுமொழி சொல்லக்கூடிய ஒருத்தி இருந்தாள். அவளிடம் சொல்லவேண்டியது, தப்பு என்னுடையது என்ற சிறிய பேச்சு. அந்தச் சிறிய பேச்சுக்கு அவளுக்குப் பதினொரு நாட்கள் பிடித்தன.

அந்தப் பதினொரு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் பெருமாள், பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், இரண்டாம் சனிக்கிழமை பொறுமை இழந்தார்.

“இன்னா உனுக்கு? சொன்னாதான தெரியும்.”

அவள் சொன்னாள். அவர் தட்டிலிருந்து கை எடுக்காமல் முழுவதையும் கேட்டார்.

“அந்தப் பொம்பள நம்ம கல்யாணத்துக்குக் கொழாப் புட்டு செஞ்சு எத்துகினு வந்தவ. அவளப் போய் நீ... சரி வுடு. நாளைக்குப் போ.”

“போனா மூஞ்சில அடிச்சா?”

“அடிச்சா வாங்கிக்க. சும்னே இங்க குந்திகினு சோத்தப் பெசஞ்சா அவளுக்குத் தெரியுமா?”

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விடும் நேரம் கணித்து அவள் நந்திதுர்க் போனாள். பழைய சுரங்கக் குடியிருப்பின் வரிசையில் ஐடாவின் வீடு நீலக் கதவோடு நின்றது. ஐடா வாரத்துக்கு வேண்டிய ஐந்து புடவைகளையும் மேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலைமயிர் முன்பக்கம் நன்றாக நரைத்திருந்தது. அந்த நரை வந்த மூன்று ஆண்டுகளை, தான் பார்க்கவே இல்லை என்பது பாக்கியவதியின் நெஞ்சில் தைத்தது.

“வா. செருப்ப அங்கயே வுடு, இப்பதான் தொடச்சேன்.”

“ஐடா...”

“இன்னா, யாராச்சும் செத்துட்டாங்களா?”

“இல்லடி.”

“அப்ப உக்காரு. எலக்சன் டூட்டிக்கு வந்தவங்க மாதிரி வாசல்ல நிக்காத.”

அவள் உட்கார்ந்தாள். வழியெல்லாம் அடுக்கிவைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை. “அந்தக் குதிர ஆட்டம் ஒம்போதும்...” என்று தொடங்கினாள்.

“கரன்ட் போன ஆட்டம்,” என்று ஐடா முடித்தாள். இஸ்திரிப்பெட்டி நிற்கவில்லை.

“உனக்குத் தெரியுமா?”

“நீ குரூப்ல எழுதுனியே, அன்னிக்கே தெரியும். ஒரு மணி நேரங்கூட ஆவல கண்டுபுடிக்க. அம்பத்திரண்டு செகண்டு. டீச்சர் வேலைல இருவத்தெட்டு வருஷம் தப்பு எங்க வந்துச்சின்னு பாத்துகினுதான கீறேன்.”

“தெரிஞ்சும் ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேனே. ஏப்ரல்லயே சொன்னேன். கட்டவெரல் அனுப்சியே.”

“அதில்ல. அப்பால, நான் பழி சொன்னப்போ.”

ஐடா புடவையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து உதறினாள். “நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கல பாக்கியம். நூறு பேரு முன்னால தீர்ப்ப எழுதிட்டு, அப்பாலதான் எனக்குப் போன் பண்ண. பன்னண்டு வயசுலருந்து கூட கீறவ, ‘ஏண்டி இப்டி பண்ண’ன்னு ஒரு வாட்டி கேக்கறதுக்கு இன்னா? கேட்டிருந்தா நானும் நல்லா திட்டியிருப்பேன். ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு, கண்டுபுடிச்சு, சிரிச்சிருப்போம்.”

“என்ன மன்னிச்சுடு ஐடா.”

ஐடா கொசுவத்தின் மடிப்பை நீவினாள். “ஃபாதர் வாரா வாரம் சொல்றாரு, மன்னிக்கணும்னு. வாய்ல வருது. இங்க வரமாட்டேங்குது,” என்று இடக்கையால் மார்பைத் தொட்டுக்காட்டினாள். “வராதத வந்துட்ச்சின்னு சொல்லி உன்ன அனுப்பட்டுமா? நீ போய் நல்லாத் தூங்குவ.”

பாக்கியவதி தலைகுனிந்திருந்தாள். “குரூப்ல எல்லாத்தையும் எழுதறேன். தப்பு என்னுதுன்னு. உன் பேர மறுபடியும் போடறேன், என் பேருக்கு மேல. நீ திரும்பி வா. போட்டிக்கு இன்னும் ஒரு மாசம் கீது. கறுப்ப நீ பாரு.”

“கறுப்பு எங்கிட்ட இல்ல. பிரசாந்துக்குக் குடுத்துட்டேன்.”

பாக்கியவதி நிமிர்ந்து பார்த்தாள்.

“பயப்படாத. நீ சொன்னப்போ குடுக்கல. நீ சொல்லி நாலு மாசம் கழிச்சு அவனே கேட்டான். கெட்ட பேரு வந்துட்ச்சு. செய்யாத தப்புக்கு வந்த பேரு. அத வெச்சிகினு, சரக்கையும் சும்மா வெச்சிகினு, இன்னா பண்றது? மொத்தமா எடுத்துக்கோன்னு அனுப்சிட்டேன். அன்னிக்கு ராத்திரி உன் மேல ஒரு வஞ்சம் தீந்த மாதிரி இருந்துச்சு. காலைல அதுவும் இல்ல.” ஐடா முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். “நீ அப்டி எழுதலன்னா நான் கனவுலயும் குடுத்திருக்கமாட்டேன்.”

வெளியே யாரோ சைக்கிளில் மீன் கூவிப் போனார்கள். ஐடா எட்டிப் பார்த்து, இன்றைக்கு வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றாள்.

“சொல்லு. இன்னா வேணாலும் கேளு.”

“உன் புக்லருந்து என் பாதிய எடுத்துடு.”

“பேரு போடறேன்னு சொல்றேனேடி.”

“பேரு எனக்கு எதுக்கு? நீ எழுதுனது கூட எனக்கு அவ்ளோ வலிக்கல பாக்கியம். கோவம், எழுதிட்டன்னு விட்டுட்டேன். அடுத்த வருசம் போட்டியப் பாத்தேன். உன் கறுப்பு ஆடுது. ஒவ்வொரு நகர்வும் என்னுது. நான் காய்ச்சல்ல படுத்துகினு ஆடிப் பாத்தது, எங்கம்மா செத்த மாசத்துல பச்ச போட்டது, எல்லாம் அப்டியே கீது. மேல ஒரே பேரு. ஆளத் திருடின்னு தொரத்திட்டு, அவ செஞ்சத வெச்சிகின. அப்ப யாரு...” அவள் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

பாக்கியவதிக்கு இது எட்டியதே இல்லை. ஒன்பது ஆட்டத்தின் பிழையைத்தான் அவள் பதினொரு நாளாகத் தோண்டித் தோண்டிப் பார்த்திருந்தாள். அதற்கு அலுவலக வேலையைச் சாக்குச் சொல்லலாம். கோடையை, மின்வாரியத்தைச் சாக்குச் சொல்லலாம். அதன்பின் மூன்று ஆண்டுகள் ஐடாவின் பாதியைத் தன்னுடையதாக ஆடியதற்கு ஒரு சாக்கும் இல்லை. அது பிழை என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

“எடுத்துடறேன்,” என்றாள்.

“டீ குடிக்கிறியா?”

“வேணாம் ஐடா. கெளம்பறேன்.”

“சரி,” என்றாள் ஐடா. வற்புறுத்தவில்லை. வாசல்வரை வந்து, அவள் செருப்பு மாட்டும்வரை நின்றாள்.

அன்று மாலையே பாக்கியவதி குழுவில் எழுதினாள். சுற்றி வளைக்காமல் ஒன்பது எண்களையும், ஆட்டங்களை வடிகட்டத் தான் கருவிக்கு இட்ட கட்டளையையும், ஐம்பத்திரண்டு நொடியையும், ஐடாவின் செய்தியையும் வரிசையாக வைத்து, ஐடா நிரபராதி என்று முடித்தாள். நூறு பேர் இப்போது முந்நூறு ஆகியிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் அந்தக் கருவியின் எந்தப் பதிப்பு என்று கேட்டார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், “ஐடா யார் மேடம்?” என்று எழுதினார். நூறு பேர் முன் அவள் கறைப்படுத்திய பெயரைத் துடைக்க வந்தபோது, அந்தப் பெயரையே அறியாத கூட்டம் அங்கே இருந்தது.

பிறகு நீக்கும் வேலை தொடங்கியது. கறுப்பு முழுவதையும் ஒரே சொடுக்கில் அழிக்க முடியுமென்றுதான் அவளும் எண்ணியிருந்தாள். நூல் அப்படி நெய்யப்படவில்லை. வேறு வேறு வழியாக வந்து ஒரே நிலையில் கலக்கும் வரிசைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வெள்ளையின் நகர்வு ஒன்றுக்குப் பச்சை தீட்டியதே கறுப்பின் விடையை நம்பித்தான். எது தன்னுடையது, எது ஐடாவினுடையது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் அவள் பிரித்தாள்.

“இன்னாக்கா, புள்ள தலைல பேன் பாக்கற மாதிரி பாக்கற?” என்றாள் ஃப்ளோரா.

“வேற ஒருத்தருது என்னுதோட கலந்துட்ச்சு. பிரிக்கிறேன்.”

“அவங்களே வந்து பிரிச்சிக்கமாட்டாங்களா?”

பாக்கியவதி அடுத்த வரிசையைத் திறந்தாள். பிரிக்கப் பிரிக்கத்தான் ஐடாவின் கை எத்தகையது என்று அவளுக்கு விளங்கியது. ஐடா எங்கும் அவசரப்பட்டதில்லை. எதிரி ஓடிவந்து தாக்கும் இடத்திலெல்லாம் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுக் காத்திருந்தாள். ஐயம் இருந்த இடத்தில் பச்சை தீட்டாமல் வெறுமையாக விட்டிருந்தாள். பதினொரு ஆண்டுகள் பக்கத்திலிருந்தும் பாக்கியவதி இவற்றைப் படித்துப் பார்த்ததில்லை. ஐடா செய்தால் சரியாக இருக்கும் என்று அப்படியே சேர்த்துக்கொண்டவள். அத்தனை நம்பியவளால் அந்த ஒரு மாலையில் ஏன் நம்ப முடியவில்லை? இந்தக் கேள்வி ஒவ்வோர் அழிப்புக்கும் இடையே வந்து நின்றது. சந்தேகம் வந்தவுடன் அது உண்மையாக இருக்கவேண்டுமென்று தன்னுள் ஏதோ ஒன்று விரும்பியிருக்கிறது; தோல்விக்குத் தான் பொறுப்பில்லை என்று ஆகிவிடும் அல்லவா? அந்த விடை வரும்போதெல்லாம் அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

இருபத்தாறு நாட்களில் வேலை முடிந்தது. கறுப்புப் பக்கத்தில் ஒரு நகர்வும் எஞ்சவில்லை. ஐடாவுக்குச் செய்தி அனுப்பினாள்: “எடுத்துட்டேன். எல்லாத்தையும்.” பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. மறுமொழி வரவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தொடங்கியது. முதல் சுற்றிலேயே எதிரே பிரசாந்த் வந்தான். முதல் ஆட்டத்தில் அவளுக்கு வெள்ளை. அவள் நூல் ஆடியது; அவன் கறுப்பு நொடியும் தாழ்க்காமல் விடை சொன்னது. மூன்றாம் நகர்வில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆறாவதில் அந்தச் சிப்பாய் ஒரு கட்டம் தள்ளிக் காத்திருந்தது. பத்தொன்பது நகர்வுவரை அவளுடைய பாதியும் ஐடாவின் பாதியும் பலகைக்கு இருபுறமும் நின்று பேசிக்கொண்டன. ஒரே நூலுக்குள் இருந்தவரை அவை ஒருமுறையும் இப்படிப் போட்டியில் எதிர்ப்பட்டதில்லை. இருவருக்கும் நூல் தீர்ந்தபின் யந்திரங்கள் எழுபது நகர்வு போராடிச் சமன் செய்தன.

பெருமாள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஜெயிச்சியா?”

“இல்ல. சமம்.”

“அடுத்தது?”

“எனக்குக் கறுப்பு.”

இரண்டாம் ஆட்டம் தொடங்கியது. பிரசாந்தின் வெள்ளை, ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தியது. உலகில் சதுரங்கம் கற்றுக்கொள்ளும் எந்தக் குழந்தைக்கும் விடை தெரிந்த முதல் நகர்வு. பாக்கியவதியின் யந்திரம் நூலைத் திறந்தது. அங்கே ஒன்றும் இல்லை. கடிகாரம் ஓடத் தொடங்கியது. பத்து நொடி. இருபது.

“இன்னாடி, நின்னு போச்சா?” என்றார் பெருமாள்.

“நிக்கல. யோசிக்குது.”

“மொத ஆட்டத்துல கடகடன்னு ஆடுச்சே?”

நாற்பது நொடி ஆயிற்று. குழுவில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மேடம் உங்கள் நூல் பழுதாகிவிட்டதா என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். அவள் செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எண்கள் ஒவ்வொன்றாகக் குறைவதையும், தன் கறுப்புக் காய்கள் பதினாறும் இன்னும் இடம்விட்டு அசையாமல் நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.